பெண்கள் பக்கம்

“நான் செத்துட்டது ஒனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம…”

“மெல்லப் பேசு புள்ள, பஸ்ஸுல எல்லாரும்…”

“பாக்கட்டும். செத்தவ சீட்டுல ஒக்காந்து சண்ட போடுறான்னு நல்லாப் பாக்கட்டும்.”

“போட்டோவுக்குத்தான மாலை போட்டாங்க, ஒனக்கா போட்டாங்க…”

“போட்டோவுல இருந்தது யாரு? நீயா?”

அரியலூரில் பஸ் ஏறியதிலிருந்து வேம்புவும் அவள் புருஷன் மதுரைவீரனும் இப்படித்தான் வந்தார்கள். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார். முன் சீட்டுக்காரர் கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே காதை மட்டும் கொடுத்தார். எதிரே சிமெண்ட் லாரி வரும்போதெல்லாம் பஸ் ஓரம் கட்டியது. அந்த நேரத்தில் மட்டும் இருவரும் ஜன்னல் வழியே புழுதியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் மகன் ரஞ்சித்குமார் சென்னையில் பல வருஷம் உதவி இயக்குநராகக் கிடந்து, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட்டான். அன்றைக்குத்தான் ரிலீஸ். ஓர் அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள பாசம்தான் கதை. சில மாதம் முன்பு அவன் போன் செய்து, அம்மாவின் பழைய போட்டோ ஒன்று வேண்டும், படத்தில் வரப்போகிறது என்று கேட்டிருந்தான். பெரம்பலூர் ஸ்டுடியோவில் மதுரைவீரன் நாற்காலியில் உட்கார, வேம்பு பக்கத்தில் நிற்க எடுத்த போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தனுப்பினார்கள். வேம்பு சும்மா இருப்பாளா. எம் மவன் படத்துல நானும் வரேன் என்று தங்கள் ஊரான பூலாம்பாடியில் ஒரு தெரு விடாமல் சொல்லிவைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேன் பிடித்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அரியலூர் தியேட்டருக்கு வந்து இறங்கினார்கள்.

படம் தொடங்கியதும் வேம்பு வந்தாள். பக்கத்தில் இருந்த மதுரைவீரனை வெட்டிவிட்டு, அவளை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். கழுத்தை மறைத்துச் சம்பங்கி மாலை. மேலே சின்னச் சிவப்பு பல்பு. எதிரே ஒரு சிறுவன் கைகூப்பி நிற்க, பின்னால் மீசைக்கார அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். பக்கத்து சீட்டுப் பெண் இருட்டில் கையை நீட்டி வேம்புவின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

மாலை விஷயம் மகன் முன்னமே அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீங்க என்றும் சொல்லியிருக்கிறான். மதுரைவீரன் சொல்லவில்லை. அவராக எதையும் சொல்கிற பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

மாலையைக்கூட வேம்பு பொறுத்துக்கொண்டிருப்பாள். அதற்கப்புறம் வந்ததுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மகனை வெளியே நிறுத்தியபோது போய் வாசலில் நின்று கெஞ்சியது படத்தில் அப்பா. கிழிந்த புத்தகப் பையைச் சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்துக் கொடுத்தது அப்பா. சினிமாக் கொட்டகையில் கூட்டம் மறைக்கிறதென்று மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படம் முடிகிறவரை இறக்காமல் நின்றதும் அப்பா. அந்த இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. வேம்பு திரும்பிப் பார்த்தாள். மதுரைவீரன் அழுதுகொண்டிருந்தார். தான் செய்யாத ஒன்றைத் தான் செய்ததாகப் பார்த்து ஒரு மனுஷன் அழ முடியுமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. வியப்பு அடங்கியபின் எரிச்சல் வந்தது. பஸ்ஸில் வெடித்தது அதுதான்.

மதுரைவீரன் கெட்டவர் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. விடியுமுன் போவார், பிள்ளைகள் தூங்கியபின் வருவார். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக வந்து நிற்பார். மகனோடு அவர் பேசியது ரெண்டே பேச்சு. வந்தால், சாப்பிட்டியா. கிளம்பினால், பஸ்ஸு எப்ப. சினிமாக் கொட்டகைப் பக்கம் அவர் தலைவைத்தே படுத்ததில்லை. சினிமா என்பது வேம்புவுக்கும் அவள் மகனுக்கும் மட்டுமான சொத்து.

எறையூர் மில்லுக்குக் கரும்பு வெட்டுகிற மாதங்களில் அவளுக்குத் தினமும் வேலை இருக்கும். வெட்டி முடித்து, கழுவியும் போகாத பிசுக்கோடு பையனை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். கீற்றுக் கொட்டகை. நடுவில் மார்பளவு சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். வாசலும் தனி, டிக்கெட் சன்னலும் தனி. தெரியாமல் ஓர் ஆண் இந்தப் பக்கம் கால் வைத்துவிட்டால் போதும், டார்ச் விளக்கோடு ஒருவன் ஓடிவருவான், பெண்கள் மணலை அள்ளி வீசுவார்கள். சின்னப் பையன்களுக்கு மட்டும் விலக்கு. ரஞ்சித்குமார் வளர்ந்தது அந்தப் பெண்கள் பக்கத்தில்தான். முறுக்குத் தின்னும் சத்தமும், தாலாட்டும், வில்லனைத் திட்டுகிற வசவுமாக அவன் சினிமா பார்த்தான்.

ஒரு பொங்கலுக்கு உட்கார இடமில்லை. பின்னால் மூங்கில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு அவனைத் தோளில் ஏற்றினாள். கரும்பு வெட்டும்போது சோகை இலை அறுத்த கோடுகள் கழுத்தெல்லாம் இருந்தன. பையனின் தொடை வியர்வை அதில் பட்டு எரிந்தது. பிடிப்புக்கு அவன் அவள் நெற்றியைக் கட்டிக்கொண்டான், கை நழுவிக் கண்ணுக்கு வந்துவிட்டது. எடுக்கச் சொல்லவில்லை. அந்தப் படத்தை அவள் பார்க்கவே இல்லை, கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சினிமா பாதியும் அப்படிக் கேட்டதுதான்.

கேட்டுக் கேட்டே சினிமா அப்பன்மார் அத்தனை பேரும் அவளுக்கு மனப்பாடம். மகனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அழுகிற அப்பன். பெற்ற மகனுக்கே விலங்கு மாட்டுகிற போலீஸ் அப்பன். சட்டையைக் கிழிக்கிற மாதிரி அடித்துவிட்டு, தூங்கும்போது வந்து தைலம் தடவுகிற அப்பன். மகன் ஜெயிக்கிற அன்றைக்குச் சரியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற அப்பன். எல்லோருக்கும் கனத்த குரல், நிறுத்தி நிறுத்திப் பேச நல்ல நல்ல வசனம். அம்மாக்களுக்கு, சாப்பிட வாப்பா என்ற ஒன்றுதான். அதற்கும் உயிரோடு இருக்க வேண்டும்.

அந்தப் பொங்கல் படத்தில் அப்பனும் மகனும் ஒரே நடிகர். அம்மா வெறும் போட்டோ. தோளில் இருந்த ரஞ்சித்குமார் குனிந்து அவள் காதில், அந்த அம்மா ஏன் செத்துப்போச்சு என்று கேட்டான். கழுத்து எரிந்த எரிச்சலில் வேம்பு சொன்னாள், “அம்மாவ சாவடிச்சாத்தாண்டா அப்பனுக்கு வேல இருக்கும்.” சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

படம் பார்த்து வந்த மறுநாள் மகனுக்குப் போன் போட்டாள். அவன் சந்தோஷத்தில் இருந்தான். எங்கெங்கே ஹவுஸ்புல், யார் யார் பாராட்டினார்கள் என்று ஒப்பித்துக்கொண்டே போனான். அவள் குறுக்கே விழுந்து, ஒன்ன தோளுல சொமந்தது யாருடா என்றாள்.

அவன் ஒப்பிப்பதை நிறுத்தினான்.

“நீதாம்மா. எனக்குத் தெரியாதா?”

“பின்ன?”

“அம்மா தூக்குனா அது ஒரு சேதியாம்மா? ஒலகத்துல எல்லா அம்மாவும் தூக்குறதுதான். எவன் அழுவான்? அப்பா தூக்குனாத்தான் அழுவாங்க. நீதான சொன்ன, அம்மாவ சாவடிச்சாத்தான் அப்பனுக்கு வேலன்னு.”

அவள் போகிறபோக்கில் சொன்னதை வைத்து அவன் தொழிலே கற்றுக்கொண்டிருக்கிறான். வேம்பு போனைக் கீழே வைத்தாள். மறந்துவிட்டான் என்றால்கூட ஒரு மாதிரி ஆறியிருக்கும். நன்றாக ஞாபகம் வைத்திருந்து, எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறான்.

அதற்கப்புறம் வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதுரைவீரனைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்ப் பையன்கள் பைக்கில் வந்து அவர் தோளில் சாய்ந்து செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். மீசையைக்கூட முன்னைப்போல ஒட்ட நறுக்குவதில்லை. முதலில் யாராவது கேட்டால், ஆமாமா என்று தலையாட்டினார். பிறகு, படத்துல வர்ற மாரிதான் என்றார். கொஞ்ச நாளில் அவருக்கே கதை ஊறிவிட்டது. கழுத்தெல்லாம் எரியும் தம்பி, ஆனா எறக்கிவுட மனசு வராது என்று அவர் ஒருவனிடம் சொல்வது அடுப்பங்கரையில் நின்ற வேம்புவின் காதில் விழுந்தது. அந்தப் பொங்கலன்று வீடு திரும்பி அவரிடம் அவள் சொன்ன வார்த்தை அது. அப்போது அவர், அதுக்கு எதுக்கு சினிமாவுக்குப் போன என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எவளைத் திரும்பிப் பார்த்தும் வேம்புவுக்குப் பொறாமை வந்ததில்லை. இப்போது வந்தது. சோற்றைப் போடும்போது கரண்டி தட்டில் இடித்தது. துவைக்கும்போது அவர் வெள்ளைச் சட்டைக்கு மட்டும் நீலம் அதிகமாகிப்போனது.

ஆனால் மதுரைவீரனுக்கும் ஒரு எரிச்சல் இருந்தது. அது வேம்புவுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. படத்தில் அப்பாவாக நடித்தவர் கலைவாணன் என்று ஒரு மூத்த நாடக நடிகர். போனில் எந்தப் பேட்டியைத் திறந்தாலும் ரஞ்சித்குமார் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பா அப்பா என்றான். அவர் ஏதாவது சொல்ல, இவன் சிரித்துக்கொண்டே அவர் தோளில் கையைப் போட்டான். மதுரைவீரன் அந்த இடத்தை மட்டும் விரலால் தள்ளித் தள்ளித் திரும்பப் பார்ப்பார்.

“அந்தாளு மேல எப்படிக் கையப் போட்டிருக்கான் பாரு. எம்மேல ஒரு நாளு போட்டிருப்பானா?”

“நீ என்னிக்கி தோளக் காட்டுன, அவன் போடுறதுக்கு?” என்றாள் வேம்பு.

அவர் திரும்பவும் அந்த இடத்துக்கே விரலால் தள்ளினார். அவருக்கும் எரிகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் இனிப்பாக இருந்தது. அன்றைக்குக் குழம்பில் ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

படம் ஓடுகிற தியேட்டர்களுக்குப் படக்குழு போய்வருகிறது, ஞாயிற்றுக்கிழமை அரியலூர், அப்பாவை மேடையில் ஏற்ற வேண்டும் என்று ரஞ்சித்குமார் சொல்லியனுப்பினான். அம்மாவும் ஏறலாமா என்று கேட்டதற்கு, இந்த ஒரு வாரம் போகட்டும் என்றான். படத்தில் இறந்துபோன அம்மா உயிரோடு மேடையில் வந்து நின்றால் ஜனங்களுக்கு அழுகை நின்றுவிடுமாம். முன் வரிசையில் நல்ல சீட்டுச் சொல்லிவைத்திருக்கிறானாம்.

வேம்பு சண்டை போடவில்லை. மதுரைவீரன் எதிரே போய் உட்கார்ந்தாள். சட்டை, மரியாதை, செல்பி எல்லாம் நீயே வச்சிக்க என்றாள்.

“மைக்கு குடுப்பாங்கள்ல. அன்னிக்கித் தூக்கிக்கிட்டு நின்னது எம் பொண்டாட்டின்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்கு அது போதும்.”

அவர் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, சொல்லுறேன் என்றார். சும்மா சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, எல்லாருக்கும் வணக்கம், அன்னிக்கித் தூக்குனது யாருன்னா என்று முணுமுணுத்துப் பழகுவதை அவள் பார்த்தாள். அவர் மேல் பழைய பிரியம்கூட எட்டிப்பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் வேம்புவோடு மகள் கலையரசி உட்கார்ந்தாள். அரியலூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. மாலை போட்ட போட்டோ திரையில் வந்ததும் வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள். கலையரசி அவள் தொடையில் தட்டி, “நீ செத்தாச்சும் போயிருக்க. நான் பொறக்கவே இல்லம்மா” என்றாள். வேம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த கண்ணோடு பார்த்ததாலோ என்னவோ, இந்தத் தடவை அவளுக்குப் படம் தெளிவாகத் தெரிந்தது. கொட்டகைக் காட்சி வந்தது. கலைவாணன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு மூங்கில் தூணில் சாய்ந்து நின்றார். கழுத்தில் கரும்புச் சோகை கீறிய கோடுகள்கூட வரைந்திருந்தார்கள். படத்தில் கல் உடைக்கிற அப்பனுக்குச் சோகைக் கோடு ஏது என்று வேம்பு நினைப்பதற்குள் காமிரா சுற்றிலும் ஓடியது. சுற்றிலும் பெண்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி முந்தானையில் கடலை உரித்தாள். கனகாம்பரக் கொண்டைகள், அவிழ்ந்த பின்னல்கள். அவர்களுக்கு அப்பால், மார்பளவு சுவருக்கு அந்தப் பக்கம், மங்கலாக ஆண்களின் தலைகள்.

மகன் தன் ஞாபகத்தில் இருந்ததை அப்படியே எடுத்துவைத்திருக்கிறான். தோளில் இருந்து பார்த்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெண்கள்தான். அம்மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்பாவை நிறுத்தியவன், நிறுத்திய இடம் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. வேறு யாருமே பார்க்கவில்லை. தியேட்டர் முழுக்க அழுதுகொண்டிருந்தது. வேம்புவுக்கு மட்டும் அழுகை வரவில்லை.  தன் வீட்டுக்குள் தன் சேலையைக் கட்டிக்கொண்டு வேறு யாரோ நடமாடுகிறமாதிரி இருந்தது.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. மேடையில் முதலில் ரஞ்சித்குமார் வந்தான். பின்னால் கலைவாணன் வர, விசில் காதைப் பிளந்தது. மகன் குனிந்து கலைவாணன் காலைத் தொட்டான். எனக்கு இன்னொரு அப்பா என்றான். தொகுத்து வழங்கிய பெண், நிஜ அப்பாவும் நம்மோடு இருக்கிறார் என்று அறிவித்ததும் மதுரைவீரன் ஓரத்துப் படியில் ஏறிப் போனார். அவருக்குக் கைத்தட்டல் கொஞ்சம் குறைவுதான். கலைவாணன் பெருந்தன்மையாக, அண்ணன் நிஜத்துல செஞ்சத நான் நடிச்சேன், அவ்வளவுதான் என்று சொல்லி மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

மதுரைவீரன் முன் வரிசையைத் தேடினார். வேம்புவைப் பார்த்தார். எல்லாருக்கும் வணக்கம் என்றார். அடுத்த வார்த்தைக்கு உதடு கூடுவது வேம்புவுக்குக் கீழே இருந்தே தெரிந்தது. அன்னிக்கித் தூக்குனது யாருன்னா என்று தொடங்கியும்விட்டார்.

அப்போது ரஞ்சித்குமார் நகர்ந்துவந்து அவர் தோளில் கையைப் போட்டான்.

மதுரைவீரன் அந்தக் கையைப் பார்த்தார். தோளில் கிடந்த அதன் விரல்களைப் பார்த்தார். எதிரே கலைவாணன் சிரித்துக்கொண்டு நின்றார். கூட்டம் காத்திருந்தது. 

“நான்தாங்க,” என்றார். “படம் முடியிற வரைக்கும் எம் புள்ளைய நான் எறக்கல.”

தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது. கலையரசி அம்மாவின் கையைப் பிடித்தாள்.  மேடையில் ரஞ்சித்குமார் அப்பாவின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை, ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதுரைவீரன் முன் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. வேம்புவுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்தாள். அவ்வளவு பேர் முன்னால் அவன் தன் தோளில் கை போட்டிருந்தால் தான் என்ன பொய் சொல்லியிருப்போமோ என்று நினைத்தாள். 

ரசிகர்கள் கேள்வி கேட்கலாம் என்று தொகுத்து வழங்கிய பெண் மைக்கோடு கீழே இறங்கினாள். யாரோ அடுத்த படம் எப்போது என்றார்கள். யாரோ கலைவாணனை ஒரு வசனம் பேசச் சொன்னார்கள், அவர் பேசினார். வேம்பு கையைத் தூக்கினாள். கலையரசி, வேணாம்மா என்று முந்தானையை இழுத்தாள். அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

எந்த ஊரும்மா என்று கேட்டாள்.

“பூலாம்பாடி.”

யாரிடம் கேட்க வேண்டும், டைரக்டர் சாரிடமா, கலைவாணன் சாரிடமா என்றாள்.

“அவங்க ரெண்டு பேருகிட்டயும் இல்ல. அந்தப் பெரியவருகிட்ட.”

மேடையில் ரஞ்சித்குமார் தலையைத் தூக்கினான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் கை அப்பாவின் தோளிலிருந்து தானாக இறங்கியது. மதுரைவீரன் இப்போதுதான் திரும்பினார். வேம்பு எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டாள்.

“ஐயா, அந்தக் கொட்டகையில நீங்க நின்ன எடம் பொம்பளைங்க பக்கமாச்சே. ஆம்பள காலு வச்சா மண்ண வாரி அடிப்பாங்களே. ஒங்கள எப்படிங்க உள்ள வுட்டாங்க?”